துண்டறிக்கையை எழுதியது யார்?

அரசின்மைவாதத்தைப் பற்றித் தமிழில் தேடப் புகுந்தால் முதலில் வழிமறிப்பது சொல்தான். நாளிதழ்த் தமிழில் 'அராஜகம்' என்றால் பேருந்துக் கண்ணாடியை உடைப்பது, வாக்குச்சாவடிக்குள் புகுந்து மிரட்டுவது. சிறுபத்திரிகைத் தமிழில் அதே சொல், அரசும் முதலாளியும் தலைமேல் உட்காராத, மனிதர்கள் தாமே கூடி முடிவெடுத்து ஒருவருக்கொருவர் உதவி வாழும் ஏற்பாட்டைக் கேட்கும் ஓர் அரசியல். அகராதியிலேயே இப்படிக் கிழிபட்டுக் கிடக்கிற ஒன்றின் அண்மைக்கால வரலாற்றை எந்தச் சான்றை நம்பி எழுதுவது? பெண்கள் வாசிப்பு வட்டம் ஒன்றுக்காக, அரசின்மை இயக்கங்களில் பெண்கள் என்ற தலைப்பில் பேசத் தயாரானபோது இந்தக் கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பழைய காலம் அவ்வளவு சிரமம் தரவில்லை. 1896இல் புவனோஸ் அய்ரஸில் தொழிலாளிப் பெண்கள் தொடங்கிய 'லா வோஸ் தெ லா முஹேர்' என்ற பத்திரிகை மொத்தம் ஒன்பது இதழ்களே வந்தது. நூறாண்டு கழித்து அது நூலாக மறுபதிப்புக் கண்டுவிட்டது. 'கடவுள் வேண்டாம், முதலாளி வேண்டாம், கணவன் வேண்டாம்' என்பது அந்தப் பெண்களின் முழக்கம். ஆம்ஸ்டர்டாமில் சமூக வரலாற்றுக்கான பன்னாட்டு நிறுவனம் இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லபாடி தொகுப்பு இருக்கிறது. இந்த இரண்டாவதைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. ஜோ லபாடி என்ற அரசின்மையாளர் 1911இல் தம் வீட்டுக் காகிதங்களை எல்லாம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவை பத்தாண்டுக்கு மேல் பிரிக்கப்படாமலே கிடந்தன. 1924இல் ஆக்னஸ் இங்லிஸ் என்ற பெண் வந்து உட்கார்ந்து, 1952இல் இறக்கும்வரை அவற்றைப் பிரித்தார், அடுக்கினார், பழைய தோழர்களுக்குக் கடிதம் எழுதி மேலும் வரவழைத்தார். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. அமெரிக்க அரசின்மையாளர்களைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் பலர் அவர் அடுக்கிவைத்ததைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள். நன்றியுரையில் நூலகத்தின் பெயர் வரும்.

சமகாலத்துக்கு வந்தால் கதை வேறு. உறுப்பினர் பட்டியல் வைக்காதது, தலைவரைத் தேர்ந்தெடுக்காதது, துண்டறிக்கையில் கையொப்பம் இடாதது எல்லாம் இந்தக் குழுக்களின் கொள்கை. அதோடு அவை பாதுகாப்பும்கூட. கட்சிக்கு மாநாட்டு மலர் உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. பத்துப் பேர் ஒரு வாடகை அறையில் வாரந்தோறும் கூடும் குழுவுக்கு என்ன இருக்கும்? அந்தப் பத்துப் பேரின் நினைவு இருக்கும், கொஞ்சம் துண்டறிக்கை இருக்கும், போலீஸ் கோப்பு இருக்கும். மூன்றில் ஒழுங்காகத் தேதி போட்டு, பெயர் போட்டு, வரிசை எண் போட்டு இருப்பது கடைசியாகச் சொன்னது. நம்மவர் கதையும் இதுதான். சென்னையில் 1887இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியின் 'இந்தியா' இதழோடு தொடர்புடைய மண்டயம் குடும்பத்தவர், பின்னாளில் அரசின்மைவாதி. அவர் எந்த நாட்டில் எப்போது இருந்தார் என்று தேட வேண்டுமானால் அவருடைய கடிதங்களோடு பிரிட்டிஷ் உளவுத்துறையின் கோப்புகளையும் புரட்ட வேண்டியிருக்கிறது. துரத்தியவர்கள்தான் குறித்துவைத்தார்கள்.

போலீஸ் கோப்பை எந்த அளவுக்கு நம்புவது? வகுப்பறையில் சொல்வதுபோல் 'எச்சரிக்கையோடு கையாள வேண்டும்' என்று சொல்லி நழுவிவிட முடியாத ஒரு வழக்கு லண்டனில் இருக்கிறது.

லண்டன் கிரீன்பீஸ் என்றொரு சிறு குழு எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து இயங்கியது. பெயரைப் பார்த்துப் புகழ்பெற்ற பன்னாட்டு அமைப்பின் கிளை என்று நினைத்துவிடக் கூடாது, இது தனி. அரசின்மைப் பார்வை கொண்டவர்கள், அணு ஆயுத எதிர்ப்பு, விலங்குரிமை, தொழிலாளர் பிரச்சினை என்று கலந்து இயங்கியவர்கள். 1986இல் இவர்கள் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தைப் பற்றி ஆறு பக்கத் துண்டறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். உணவு, காடழிப்பு, கூலி, விலங்குகள், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம் எல்லாவற்றையும் பற்றிய கடுமையான குற்றச்சாட்டுகள். கீழே எழுதியவர் பெயர் கிடையாது. 1990இல் நிறுவனம் ஐந்து பேர் மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. மூவர் மன்னிப்புக் கேட்டு விலகினார்கள். ஹெலன் ஸ்டீல் என்ற இளம்பெண்ணும் டேவ் மோரிஸ் என்பவரும் மறுத்தார்கள். அவதூறு வழக்குக்கு அங்கே இலவசச் சட்ட உதவி கிடையாது, ஆகவே இருவரும் தாமே வாதாடினார்கள். 313 நாள் விசாரணை. 1997 ஜூனில் வந்த தீர்ப்பு, குழந்தைகளை விளம்பரத்தில் சுரண்டுவது, குறைந்த கூலி, விலங்குகள் மீதான கொடுமை போன்ற சிலவற்றில் துண்டறிக்கை சொன்னது உண்மை என்றும், மற்றவற்றில் அவதூறு என்றும் பிரித்தது. எட்டாண்டு கழித்து, 2005இல், இந்த வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனைக் குற்றம் சொன்னது.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. ஆவணப்படம்கூட உண்டு. எனக்கு வேண்டியது அதன் அடியில் இருக்கிறது.

துண்டறிக்கையை யார் வெளியிட்டார்கள் என்று நிரூபிக்க நிறுவனம் இரண்டு தனியார் துப்பறியும் நிறுவனங்களை அமர்த்தியிருந்தது. அவற்றின் ஆட்கள் தொண்டர்களாகச் சேர்ந்து கூட்டங்களில் உட்கார்ந்தார்கள். ஒருவர் இன்னொருவரை அறியாததால் ஒற்றரைப் பற்றியே ஒற்றர் அறிக்கை எழுதினார். வந்தவர்களில் பாதிப் பேர் ஒற்றர்களாக இருந்த கூட்டமும் நடந்திருக்கிறது. நம்பிக்கை பெற வேண்டும் அல்லவா, அதற்காக அவர்களும் வேலை செய்தார்கள், வந்த கடிதங்களுக்குப் பதில் போட்டார்கள், துண்டறிக்கையையும் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண் பிற்பாடு மனம் கேட்காமல் எதிர்த்தரப்புக்காகச் சாட்சி சொன்னார் என்பதையும் குறிக்க வேண்டும்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் இருப்பது தெரிந்ததுதான். ஓர் ஒற்றர் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றரை வைத்துச் சோதிக்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாதபடி வைக்க வேண்டும், மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்று அது அரசருக்கு யோசனை சொல்கிறது. ஆய்வு நெறிமுறை வகுப்பில், ஒரே செய்தியைப் பல சான்றுகளில் வைத்துப் பார்ப்பதற்குத் தொன்மையான உதாரணமாக நாங்கள் இதைச் சொல்வதுண்டு. லண்டனில் ஒருவரை ஒருவர் அறியாதிருத்தல் என்ற விதி ஏறக்குறைய அப்படியே நடைமுறைக்கு வந்தது. விளைந்தது என்ன? ஒற்றர் எழுதியதை ஒற்றர் உறுதி செய்தார். கூட்டம் சுறுசுறுப்பாக இருந்ததாக இருவரும் எழுதினால், அந்தச் சுறுசுறுப்பில் பாதி அவர்களே. மூவர் சொல் ஒத்துப்போவது மூவரும் வெவ்வேறு இடத்தில் நிற்கும்போதுதான் பொருள்படும். ஒரே கூலியில் நிற்பவர்களின் ஒப்புதல் ஒரே குரலின் எதிரொலி. அது அரசருக்குப் போதுமாக இருக்கலாம், வரலாறு எழுதுபவருக்குப் போதாது.

இது கம்பெனியின் கதை. அரசின் ஒற்றர் இதற்கும் முன்னாலேயே உள்ளே வந்துவிட்டார்.

லண்டன் பெருநகரக் காவல்துறையில் 1968இல், வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் பிறகு, ஒரு ரகசியப் பிரிவு உருவாக்கப்பட்டது. அதன் அதிகாரிகள் தலைமுடி வளர்த்துக்கொண்டு, வேறு பெயரோடு, நான்கைந்து ஆண்டுகள் இயக்கங்களுக்குள் வாழ்ந்தார்கள். 2008வரை அந்தப் பிரிவு நீடித்தது. அதில் பாப் லாம்பர்ட் என்ற அதிகாரி 'பாப் ராபின்சன்' என்ற பெயரில் எண்பதுகளின் நடுவில் லண்டன் கிரீன்பீஸில் இருந்தார். 2011இல் அவர் ஒரு பொதுக்கூட்டத்தில் பேச வந்தபோது பழைய தோழர்கள் எழுந்து அவரை யாரென்று சொன்னார்கள். அதற்குள் அவர் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவராக ஆகியிருந்தார். 2013இல் கார்டியன் செய்தியாளர்கள் இருவர் எழுதிய நூல் இன்னொன்றையும் வெளிக்கொண்டுவந்தது: 1986ஆம் ஆண்டுத் துண்டறிக்கையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். தாம் பங்களித்ததை அவரும் ஒப்புக்கொண்டார்.

சுவடிப் பதிப்பு மரபில் படித்தவளுக்கு இது வெறும் பரபரப்புச் செய்தியாகத் தெரியவில்லை. இடைச்செருகல் எது, ஆசிரியர் வாக்கு எது என்று ஓலைகளை ஒப்பிட்டுப் பிரிப்பது எங்கள் தொழில். செருகியவர் பெரும்பாலும் பிற்காலத்தவராக இருப்பார், அவர் மொழி காட்டிக்கொடுக்கும். இங்கே செருகியவர் உடன்காலத்தவர், உடன் உட்கார்ந்தவர், அதே மொழியை அதே ஆவேசத்தோடு எழுதத் தெரிந்தவர். எண்பதுகளின் பிரிட்டிஷ் அரசின்மைவாதிகள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு முதன்மைச் சான்றாக மேற்கோள் காட்டப்படும் பிரதி அது. அதை எழுதியதில் ஒரு பங்கு போலீஸுடையது, பரப்பியதில் ஒரு பங்கு கம்பெனி ஆட்களுடையது. அதற்காக ஒருவர் சிறிய பெண், ஒருவர் தபால் ஊழியராக இருந்தவர், இருவரும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நின்றார்கள். தாங்கள்தான் வெளியிட்டோம் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பது வேறு விஷயம். வழக்கு நடந்தபோது நீதிபதிக்கோ அவர்களுக்கோ லாம்பர்ட் யாரென்று தெரியாது. இயக்கத்துக்குள் இருந்து எழுதப்பட்டது நம்பகமானது, வெளியிலிருந்து எழுதப்பட்டது சந்தேகத்துக்குரியது என்ற நம் எளிய பாகுபாடு இதற்குப் பிறகு நிற்காது.

அப்படியானால் இதெல்லாம் எப்படித்தான் தெரியவந்தது? அரசு தானாகத் திறந்து காட்டவில்லை. ஏமாற்றப்பட்ட பெண்கள் கண்டுபிடித்தார்கள்.

ஹெலன் ஸ்டீலுக்கு அதே குழுவில் ஜான் பார்க்கர் என்ற தோழர் இருந்தார். 1990இல் காதலாயிற்று, சேர்ந்து வாழ்ந்தார்கள். 1992இல் மனம் உடைந்துபோய்விட்டதாகச் சொல்லி அவர் மறைந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. அவருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஸ்டீல் தேடினார். லண்டனில் செயிண்ட் கேதரின்ஸ் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் 1837இலிருந்து பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் அட்டவணை அப்போது இருந்தது. யார் வேண்டுமானாலும் போய்ப் புரட்டலாம். அவர் பிறப்புப் பதிவைப் பார்த்தார். பின்னொரு நாள், ஏதோ உறுத்தி, இறப்புப் பதிவையும் பார்த்தார். ஜான் பார்க்கர் எட்டு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோன சிறுவன்.

அந்த ரகசியப் பிரிவின் அதிகாரிகள் தங்கள் புதுப் பெயரைத் தேடிப் போனதும் இதே பதிவேடுகளுக்குத்தான். தம் வயதோடு ஒத்துப்போகும், சிறுவயதில் இறந்த ஒரு பிள்ளையை அட்டவணையில் தேர்ந்தெடுத்து, அந்தப் பிறப்புச் சான்றிதழை வைத்து ஆளாகிவிடுவார்கள். பிரபலமான ஒரு துப்பறியும் நாவலின் பெயரால் அவர்கள் இதைக் கேலியாக அழைத்தார்கள். பெயரைத் திருடக் காவலர்கள் புரட்டிய அட்டவணையையே, ஆளைத் தேடி ஒரு பெண்ணும் புரட்டினார். வேறுபாடு, அவர் இன்னொரு பதிவேட்டையும் திறந்தார் என்பதுதான்.

அதற்குப் பிறகும் அவருக்குத் தெரிந்தது, தான் வாழ்ந்த ஆணுக்கு அந்தப் பெயர் இல்லை என்பது மட்டும். யார் என்பது தெரிய மேலும் ஆண்டுகள் ஆயின. அவர் சொன்ன துணுக்குகளைக் கோத்துக்கொண்டு நியூசிலாந்துவரை போனார். கடைசியில் ஜான் டைன்ஸ் என்பவரின் திருமணச் சான்றிதழ் கிடைத்தது. தொழில் என்ற இடத்தில் காவல்துறை. இத்தனை காலமும் இவரைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கச் சிரமமில்லை. காதலன் விட்டுப்போனதைத் தாங்க முடியாத பெண், எங்கும் சதியைப் பார்க்கும் பெண். ஆண் சந்தேகித்தால் ஆராய்ச்சி, பெண் சந்தேகித்தால் சஞ்சலம் என்ற வழக்கு லண்டனிலும் உண்டு.

இதே பாதையில் வேறு பெண்களும் நடந்தார்கள். 2003இலிருந்து சூழலியல், அரசின்மைக் குழுக்களுக்குள் 'மார்க் ஸ்டோன்' என்று திரிந்த மார்க் கென்னடியை 2010இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவரோடு ஆறாண்டு வாழ்ந்த ஒரு பெண் தற்செயலாகப் பார்த்த பாஸ்போர்ட். அதில் வேறு பெயர் இருந்தது. தோழிகளோடு சேர்ந்து தேடியபோது அவருடைய குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது, தகப்பன் தொழில் போலீஸ் என்று. லாம்பர்டோடு வாழ்ந்து 1985இல் ஆண் குழந்தை பெற்ற பெண்ணுக்கோ இந்தத் தேடலும் வாய்க்கவில்லை. 2012இல் ஒருநாள் நாளிதழைத் திறந்தவர் தன் மகனின் தகப்பன் படத்தைப் பார்த்தார். பிள்ளைக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது.

எட்டுப் பெண்கள் 2011 டிசம்பரில் காவல்துறை மீது வழக்குத் தொடுத்தார்கள். தனித்தனியாக இருந்தபோது ஒவ்வொருத்தியின் கதையும் துரதிருஷ்டமான ஒரு காதல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரே நடைமுறை தெரிந்தது: அதே மாதிரி வேன், அதே மாதிரி துயரமான இளமைக் கதை, போகும்போது அதே மாதிரி மன உளைச்சல், வெளிநாட்டிலிருந்து அதே மாதிரி கடிதம். பிரதி ஒப்பீடு என்பது இதுதான். 2015 நவம்பரில் காவல்துறை வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அந்த உறவுகள் தவறு, மனித உரிமை மீறல் என்று ஏற்றது. கேட் வில்சன் என்ற பெண் சமரசத்தோடு நிற்கவில்லை. உளவு அதிகாரங்களுக்கான தீர்ப்பாயத்தில் 2021வரை போராடி, மேலதிகாரிகளின் பொறுப்பும் பதிவாகும்படி தீர்ப்புப் பெற்றார்.

2015இல் தொடங்கிய பொது விசாரணை, 2020 நவம்பரிலிருந்து சாட்சிகளை விசாரித்து, அந்த ரகசியப் பிரிவின் அறிக்கைகளைக் கட்டுக்கட்டாக வெளியிட்டு வருகிறது. எந்த ஆய்வாளரும் ஆசைப்படும் புதையல். பிரித்தால் என்ன இருக்கிறது? யார் கர்ப்பம், யார் யாரோடு வாழ்கிறாள், யாருடைய உடல் எப்படி, யாருக்குக் குழந்தை பிறந்தது. பெண் விடுதலைக் குழுக்களுக்குள்ளும் ஒற்றர் அனுப்பப்பட்டிருக்கிறார். எழுபதுகளின் தொடக்கத்தில் அப்படிப் போன ஒரு பெண் அதிகாரியே, தன் வேலையால் பெரிய பயன் எதுவும் விளைந்ததாகத் தோன்றவில்லை என்று விசாரணையில் சொன்னார். எத்தனை பெண்கள் எந்த மாடியறையில் கூடினார்கள் என்ற தகவல் மட்டும் ஐம்பதாண்டு பத்திரமாக இருந்திருக்கிறது.

அந்த அறிக்கைகளை நான் ஒதுக்கவில்லை. கூட்டம் நடந்த நாள், இடம், துண்டறிக்கையின் படி இவற்றுக்கு அவற்றைப் போல் வேறொன்று இல்லை. பேச்சின் சுருக்கம் என்று வருமிடத்தில்தான் நிறுத்திக்கொள்கிறேன். ஒற்றர் தம் இருப்பை நியாயப்படுத்த வேண்டியவர், மேலதிகாரிக்கு எது சுவைக்கும் என்று அறிந்தவர். எழுதாமல் விட்டதிலும் அவர் கை இருக்கிறது. ஒரு பெண்ணின் படுக்கையறையிலிருந்து எழுந்துபோய் எழுதிய அறிக்கையில், அந்தப் படுக்கையறை இருக்காது. கோப்பு மட்டும் எஞ்சி அந்தப் பெண்கள் பேசாமல் இருந்திருந்தால், வருங்கால வரலாற்றாசிரியர் 'ராபின்சன்' என்ற ஊக்கமான தோழர் ஒருவரைப் பற்றி நல்ல பத்தி ஒன்று எழுதியிருப்பார்.

ஆகவே பேச்சுக்கு நான் வைத்துக்கொண்ட சான்றுகளின் வரிசை வழக்கமான ஆய்வேட்டுக்கு ஒத்துவராதது. முதலில் அந்தப் பெண்களின் வாக்குமூலம், அவர்களில் ஐவர் சேர்ந்து 2022இல் கொண்டுவந்த புத்தகம் உட்பட. அடுத்து பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்கள். அதன்பிறகு நீதிமன்றத் தீர்ப்புகள். துண்டறிக்கை அதற்கும் பிறகு. கோப்பு கடைசியில். பாதிக்கப்பட்டவர் சொல்வது உணர்ச்சி கலந்தது, ஆகவே இரண்டாம்தரம் என்று ஆட்சேபம் வரும் என்று தெரியும், வந்தது. இந்த வழக்கில் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்க்கக்கூடிய தாளைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். சரிபார்க்க முடியாதபடி கறுப்புக் கோடு இழுத்துத் தாளைக் கொடுத்தது அரசுத் தரப்பு. விசாரணையின் ஆவணங்களில் பல அதிகாரிகளுக்கு இன்னும் எச்.என். என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும்தான் பெயர்.

வாசிப்பு வட்டத்தில் ஒருவர் அந்தச் சிறுவர்களைப் பற்றிக் கேட்டார். 2013இல் காவல்துறையின் உள்விசாரணை ஒன்று, இறந்த பிள்ளைகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் அடையாளம் எடுக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. காவல்துறைத் தலைவர் பொதுவாக மன்னிப்புக் கேட்டார், எந்தக் குடும்பத்தின் பிள்ளை என்பதைச் சொல்ல மறுத்தார். அதிகாரிகளின் பாதுகாப்பு என்பது காரணம். பின்னர் பொது விசாரணைதான் குடும்பங்களுக்கு ஒவ்வொன்றாகத் தெரிவிக்கத் தொடங்கியது. அதற்குள் பல தாய்மார்கள் எழுபதைக் கடந்திருந்தார்கள்.